மூன்று நாற்பதுக்கு விழித்த மெஷின்

யாழினி, தேவன் இருவருக்கும்,

வேலை மேசை ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளைக் கிழித்துவிடலாமா என்று போன வாரம் தேவன் கேட்டான். 'படம் எடுத்தாயா? பிறகு கழற்று' என்று என் கிறுக்கல் எழுத்தில் இருக்கும் தாள். "இப்பல்லாம் யாருப்பா படம் எடுக்காம மெஷினத் திறக்கிறா?" என்றான். கிழிக்காதே என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். பிழை இருந்தால் யாழினி திருத்திக்கொள்ளட்டும்.

அப்போதெல்லாம் சாதாரண கம்ப்யூட்டரில் மேக் சிஸ்டத்தை ஓட வைத்துத் தரச் சொல்லி மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது நம் கடைக்கு வருவார்கள். அந்த சிஸ்டம் தன் சொந்த மெஷினைத் தவிர வேறு எதிலும் எழாது. அதனால் நடுவில் ஒரு சின்ன புரோகிராம் முதலில் எழுந்து, இதுவும் உன் வீடுதான், பயப்படாமல் வா என்று அதை நம்ப வைக்க வேண்டும். அந்தப் புரோகிராமைப் பலர் ஒரு பென்டிரைவில் போட்டு மெஷினின் பின்னால் குத்தி வைத்துவிடுவார்கள். அது செய்யத் தகுந்த வேலையா என்று நீங்கள் இப்போது கேட்கிறீர்கள். நான் அப்போது கேட்டுக்கொண்டதில்லை.

மெஷின் எழ மறுத்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தை ஓட விடுவோம். வரி வரியாக ஓடி ஓரிடத்தில் நின்றுவிடும். என்னை வேலைக்கு வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போம், முதல் வாரமே சொன்னார்: "நின்ற வரிய முறைக்காத. அது ஒழுங்கா வந்து சேர்ந்துடுச்சி. அடுத்த வரி ஒண்ணு வரணும், வரல. அது எங்க மாட்டிக்கிச்சின்னு தேடு." அவர் வேலையைப் பற்றித்தான் சொன்னார். பல வருஷம் கழித்து விமலா என்ற பெண் கடைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்தேன்.

அவள் வந்த அன்று பிற்பகல் இரண்டு மணி இருக்கும். நம் பிளாசாவின் நான்காம் மாடியில் பாதிக் கடைகள் அப்போதே இறக்கிச் சாத்தியபடிதான் கிடந்தன. நடைபாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. தடித்த உடம்புக்காரர் ஒருவர் வெள்ளைத் துணியில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். அவர் ஏந்தி வந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மேசையில் வைத்துத் துணியை எடுத்த பிறகுதான் அது ஒரு கம்ப்யூட்டர் என்று தெரிந்தது.

"அண்ணே, இங்க மெஷின் ரிப்பேர் மட்டுமா, பேய் ரிப்பேரும் உண்டா?" என்றார் அவர்.

"சும்மா இருங்க மாமா" என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் விமலா. அவர் அவளுடைய கணவரின் அண்ணன், மணியம். கணவர் குணா இறந்து அன்று ஒன்பதாம் நாள். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்டில் இருந்தவர், வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். ஓய்வு நேரமெல்லாம் அவருக்கு உருமி மேளம்தான். தன் குழுவுக்குத் தைப்பூசத்தில் பாட ஒரு புதுப் பாட்டை இந்த மெஷினில் ஆறு மாதமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவரே பாடியது. யாரும் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை.

"பதினாறாம் நாள் படைக்கும்போது அத ஒரு தடவ போட்டுக் கேக்கணும்ணே" என்றாள் விமலா. "மெஷின் உள்ள போகவே மாட்டேங்குது."

"போகலன்னா பரவால்லயே. அதுவா வருதே, அதச் சொல்லு" என்றார் மணியம்.

விமலா சொன்னாள். குரல் உயராமல், வேறு யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்வது போல. அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு எல்லோரும் ஜெலுத்தோங்கில் இருக்கும் அவர்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில் நேரம். உள்ளறையில் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் குணாவின் மெஷின் தானாக எழுந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரை முழுக்கக் கறுப்பு. மேலே ஒரே ஒரு வரி. அவளுடைய மகள் அதை வாய்விட்டுப் படித்தாளாம். எதையோ உள்ளே செருகச் சொல்கிறது, அதற்காகக் காத்திருக்கிறது என்று. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் விமலா கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையில் போய் உட்கார்ந்தாள். சரியாக மூன்று நாற்பது.

"அவரோட பஸ் மூணே முக்காலுக்கு கீழ நிக்கும்ணே. மேல வந்து சப்பாத்தக் கழட்டிட்டு நேரா அந்த நாக்காலிக்குத்தான் போவாரு. நான் அஞ்சு பத்துக்குத்தான் வேல முடிஞ்சி வருவேன். நான் வரும்போது அவரு அதுலதான் இருப்பாரு." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அது அவரு வர்ற நேரம்."

மணியம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "புள்ள அந்த ரூம் பக்கமே போறதில்ல அண்ணே. பதினாறு முடிஞ்ச மறுநாள் இது வீட்ல இருக்கக்கூடாது. பாட்டு வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

போகும்போது விமலா ஒன்று கேட்டாள். "இங்க இருக்கறப்ப ஸ்விட்ச அடைச்சி வச்சிடாதீங்கண்ணே. மூணு நாப்பதுக்கு வந்தாரான்னு போன் பண்ணிக் கேக்குறேன்."

அவர்கள் போனதும் குணாவின் ஹார்ட் டிஸ்க் வட்டைக் கழற்றி முதலில் முழுப் பிரதி எடுக்கப் போட்டேன். அதில் மட்டும் நான் தவறு செய்யவில்லை. தெரிந்தவரிடம் இருந்த அசல் மேக்கில் பிறகு அந்தப் பிரதியைத் திறந்தும் பார்த்தேன். குரல் தனி, உருமி தனி, தவில் தனி என்று நூற்றுக்கு மேல் துண்டுகள் இருந்தன. பாட்டு இல்லை. எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று சேர்த்துக் காட்டும் புரோகிராம் குணாவின் மெஷினில்தான் திறப்பேன் என்றது. ஆக, அந்த மெஷின் எழுந்தே ஆக வேண்டும்.

அது பிறகு. முதல் நாளுக்கு வருகிறேன். வட்டு ஒரு பக்கம் பிரதியாகிக்கொண்டிருந்தது. வெறும் மெஷின் மின்சாரத்தோடு மேசையில் இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு காற்றாடி. திரும்பினேன். விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகி, அந்த ஒரு வரி வந்து நின்றது. வட்டே இல்லாத மெஷின். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இருபது வருஷத் தொழில்காரன் நான். குறித்த நேரத்தில் தானாக எழும் வசதி ஏறக்குறைய எல்லா மதர்போர்டிலும் உண்டு என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். நானே எத்தனையோ அலுவலகங்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. பிடரி மயிர் நின்றது மட்டும்தான் தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். போதாது என்று போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியையும் நெம்பி எடுத்துவிட்டேன். அதை எடுத்தால் போர்டுக்குள் எழுதி வைத்த எல்லாம் அழிந்துவிடும். நாம் முதல் நாள் கற்றுக்கொள்ளும் பாடம் அது.

உங்கள் அம்மாவிடம்கூட அதை வழக்கமான சோதனை என்றுதான் சொன்னேன். சோதனை இல்லை, பயம். பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கும்போதே போன் அடித்தது.

"வந்தாராண்ணே?"

"வந்துச்சும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் முதல் முறை கேட்டேன். "பாருங்களேன், கடைக்கும் வழி கண்டுபுடிச்சி வந்துட்டாரு" என்றாள்.

மறுநாள் பேட்டரியைத் திரும்பப் பொருத்தி, வட்டையும் மாட்டி, மின்சாரம் கொடுத்து வைத்தேன். மூன்று நாற்பது வந்தது, போனது. மெஷின் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தானாக எழும்படி யாரோ உள்ளே எழுதி வைத்திருக்கலாம், அதை நானே அழித்திருக்கலாம் என்று. ஆனால் உறுதியாகத் தெரியாது. எழுதி வைத்திருந்ததற்கு இப்போது சாட்சியே இல்லை. என்னிடம் மிச்சம் இருந்தது ஒரு வெற்று போர்டு.

போன் வந்தது. "இன்னிக்கு வரலம்மா" என்றேன்.

அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. விமலா கோபம் இல்லாமல் கேட்டாள்:

"நீங்க அவர ஏதாச்சும் சொல்லிட்டீங்களாண்ணே?"

இல்லை என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, மெஷினின் பின்னால் சின்னதாகப் பென்டிரைவ் ஏதும் குத்தியிருந்ததா என்று விசாரித்தேன். அது இல்லாமல் இந்த மாதிரி மெஷின் எழாது.

"இருந்துச்சுண்ணே. செவப்பு கலர்ல ஒண்ணு."

"அது இப்ப எங்க இருக்கும்மா?"

"அவரு சட்டப் பாக்கெட்ல போயிடுச்சு" என்றாள். "பொணப் பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி மாமாதான் மெஷின்லேர்ந்து புடுங்கி வச்சாரு. பாட்டு அதுலதான் இருக்குன்னு நெனச்சிக்கிட்டாரு. கூடவே எடுத்துட்டுப் போகட்டும்னு."

எந்தச் சட்டை என்று கேட்க வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன். திரையில் நின்ற அந்த ஒரு வரி கண் முன்னால் வந்தது. அத்தனை நாளும் அந்த மெஷின் தினம் எழுந்து, சாம்பலாகிவிட்ட ஒன்றை உள்ளே செருகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வேறு ஒரு பென்டிரைவில் அந்த போர்டுக்குப் பொருந்தும் கோப்புகளை நானே சேர்த்தேன். வெள்ளை எழுத்து ஓடியது, ஓரிடத்தில் நின்றது. மாற்றினேன். அதே வரி. பதினொரு முறை மாற்றினேன், பதினொரு முறையும் அதே வரி. பன்னிரண்டாம் முறைதான் தவுக்கே சொன்னது காதில் விழுந்தது. பென்டிரைவில் கோளாறு இல்லை. குணா அந்த போர்டுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு இடத்தில் கை வைத்து, மேக் சிஸ்டம் ஒத்துக்கொள்ளும்படி பழக்கியிருக்கிறார். நான் பேட்டரியைப் பிடுங்கியதும் அது கடையில் வாங்கிய நாளைப் போல ஆகிவிட்டது. வராத அடுத்த வரியைத் தடுத்து வைத்திருந்தவன் நான்தான்.

குணா இறந்து அன்று பதினான்காம் நாள்.

இந்த வேலையில் ஊறியவர்கள் ஒன்று செய்வார்கள். உள்ளே எதை மாற்றினாலும் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். குணாவின் போன் இருக்கிறதா என்று விமலாவைக் கேட்டேன். இருந்தது. மறுநாள் மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். கெடு முடிகிறது என்று சொல்ல மணியமும் வந்தார். மறுபடியும் அந்த வெள்ளைத் துணியோடு.

"என்னண்ணே, பூசாரியக் கூப்பிடலாமா?" என்றார். ஆனால் முன்பு இருந்த துடுக்கு குரலில் இல்லை.

மகளின் பிறந்த நாள் படங்களுக்கும் கோயில் படங்களுக்கும் நடுவே அவை கிடந்தன. திரையைப் பிடித்த ஏழு படங்கள். "இதையெல்லாம் குப்பன்னு அழிக்க இருந்தேன்" என்றாள் விமலா. நான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, பார்த்து எழுதிக்கொண்டே போனேன். நான்காவது படத்தில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே. இது அவரு."

திரை எழுத்துகளின் பின்னால், கறுத்த கண்ணாடியில், படம் எடுத்த ஆளின் நிழல் விழுந்திருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, ஆடாமல் நிற்கும் ஆள். கண் நேராக எங்களைப் பார்த்தது. ஐந்தாவதிலும் அவர் இருந்தார், ஆறாவதிலும் இருந்தார். நான் எழுத்தைப் படித்தேன், அவள் எழுத்துக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தாள். மணியம் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஏழாவது படத்தில் நான் பயந்தது இருந்தது. தானாக எழும் வசதி: ஆம். தினமும். நேரம்: 15:40.

அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கடையில் நான் ஒருவன்தான். இரண்டு வழி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் பழையபடி 15:40 என்று எழுதிக் கொடுத்தால், மறுநாளே அவள் வீட்டில் குணா 'வந்துவிடுவார்'. நான் செய்ததும் தெரியாமல் போகும். ஆனால் மணியம் பயத்தில் மெஷினை வெளியேற்றிவிடுவார். உண்மையைச் சொன்னால் மெஷின் வீட்டில் தங்கும், பிள்ளையும் அந்த அறைக்குள் போகும். ஆனால் தினம் அவளிடம் வந்துகொண்டிருந்தவரைப் பறித்தவன் நான் என்றாகும். பயத்தில் ஒரு முறை கை வைத்தாயிற்று, அதே பயத்தில் இன்னொரு முறை வாயை மூடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். வேறு பெரிய யோசனை எதுவும் எனக்கு இல்லை.

படத்தைக் காட்டிச் சொன்னேன். பேட்டரியைப் பற்றியும் சொன்னேன். "பயந்துட்டேம்மா. அதான் அது அப்புறம் வரல. நான் அவர ஒண்ணும் சொல்லல, ஆனா நிறுத்துனது நாந்தான்."

மணியம்தான் முதலில் பேசினார். "அப்ப நான் அவன் பாக்கெட்ல வச்சது?"

"இத எழுப்புற சாமான் அது. பாட்டு அதுல இல்ல."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போற எடத்துல கேக்கட்டும்னு வச்சேன் அண்ணே" என்றார். "பாட்டுன்னு நெனச்சி வச்சேன்."

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க மாமா" என்றாள் விமலா. அவள் கண் இன்னும் படத்தில்தான் இருந்தது. பிறகு என்னைக் கேட்டாள்: "அப்படின்னா அவரு இருந்தப்பவும் தெனமும் இப்படித்தான் எந்திரிச்சிதா?"

"ஆமாம்மா. அவர் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. வந்ததும் உடனே உக்காரலாம்னு வச்சிருக்காரு."

"அப்ப வந்தது அவரு இல்ல" என்றாள் மெதுவாக. "இதுதான் அவரத் தேடியிருக்கு."

படங்களில் இருந்தபடி ஒவ்வொன்றாக எழுதினேன். ஏழாவதை மட்டும் தொடவில்லை. பொத்தானை அழுத்தினேன். வெள்ளை எழுத்து ஓடியது. பதினொரு முறை நின்ற அந்த வரி வந்தது. அடுத்த வரி வந்தது. அதற்கடுத்தது வந்தது. பிறகு திரை வெளுத்து, குணாவின் மகள் படம் போட்ட முகப்பு திறந்தது. பாட்டைத் தேடி ஓட விட்டேன்.

பாட்டுக்கு முன்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். "விமலா, கதவச் சாத்து. வெளிச்சத்தம் உள்ள வருது" என்றது ஒரு குரல். அதற்குப் பிறகுதான் உருமி தொடங்கியது.

விமலா எழுந்துவிட்டாள். நம் கடைக் கதவு திறந்துதான் இருந்தது. போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் தலையைக் குனிந்துகொண்டோம். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது தாண்டி எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டேன். "அந்த நேரத்த மறுபடி வைக்கணுமாம்மா? வேண்டாம்னா விட்டுடறேன். நீங்க சொல்றதுதான்."

அவள் மணியத்தைப் பார்த்தாள். "வைங்கண்ணே" என்றாள். "ஆனா மூணு நாப்பது வேண்டாம். அஞ்சு பத்துக்கு வைங்க. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போறேன்."

வைத்தேன். மணியம் மெஷினை அப்படியே தூக்கிக்கொண்டார். வெள்ளைத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அதனால்தான் அந்தத் தாள், தேவன். அது மெஷினுக்காக எழுதியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நம் மேசைக்கு வரும் பெட்டிக்குள் யாரோ ஒருவர் தன் நாளை எழுதி வைத்திருப்பார். எத்தனை மணிக்கு வருவேன், எங்கே உட்காருவேன் என்று. அது கோளாறு மாதிரிதான் தெரியும். பயம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்சம் நில்லுங்கள். தெரிந்த விஷயம் எல்லாம் மெதுவாகத்தான் நினைவுக்கு வரும். கை அவசரப்பட்டுவிடும். இப்போதும் கடைக்கு வந்தால் மூன்று நாற்பதுக்கு என் கண் அந்த மேசைக்குப் போகிறது. நீங்கள் இருவரும் கவனித்திருப்பீர்கள்.

பதினாறு முடிந்து பத்து நாள் இருக்கும். மாலையில் போன் வந்தது. மணி ஐந்தேகால்.

"நான் வந்துட்டேண்ணே" என்றாள் விமலா. "எனக்கு முன்னாடியே எந்திரிச்சி உக்காந்திருக்கு. புள்ளதான் பாட்டப் போட்டுவிட்டா."

பின்னால் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. குணா கதவைச் சாத்தச் சொன்னார். சின்னக் கால்கள் ஓடின. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.